வெள்ளை மேட்டுக்கு முன்னால் அப்பா

எங்கள் வீட்டில் ஒரு பழைய புகைப்படம் இருக்கிறது. பத்து வயது அப்பா ஒரு பெரிய வெளிறிய மேட்டுக்கு முன்னால் நிற்கிறார். சின்ன வயதில் அதைப் பனிமலை என்றே நினைத்திருந்தேன். கிளாஸ்கோவில் பிறந்து வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? "பனியில்லடா, சயனைடு மேடு" என்று சிரித்தார் அப்பா. அது கோலார் தங்கவயல். தாத்தா அங்கே மில்லில் வேலை பார்த்தவர்.

1880இல் ஒரு ஆங்கிலேய நிறுவனம் அங்கே சுரங்க வேலையைத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் போய்ச் சேர்ந்தார்கள். பாறையை வெட்டி மேலே கொண்டுவருவது பாதி வேலைதான். தங்கத்தைப் பிரிப்பது மீதிப் பாதி.

முதலில் கனமான இரும்பு உலக்கைகள் தாதுக்கல்லைத் தண்ணீரோடு சேர்த்து இடிக்கும். அந்தக் குழம்பு பாதரசம் பூசிய செப்புத் தகடுகள் மேல் ஓடும். தங்கம் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுத்துச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிவிடும், தங்கம் தங்கும். ஆனால் மிக நுண்ணிய தங்கம் தகட்டில் ஒட்டாமல் மணலோடு போய்விடும்.

அதற்கு வழி கண்டது நான் வாழும் இதே ஊர்! 1887இல் ஜான் ஸ்டூவர்ட் மெக்ஆர்தர் என்ற வேதியியலாளர், ஃபாரஸ்ட் என்ற இரண்டு மருத்துவச் சகோதரர்களோடு சேர்ந்து கிளாஸ்கோவில் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். மிகவும் நீர்த்த சயனைடு கரைசல், காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு, தங்கத்தைக் கரைத்துவிடும். அந்தக் கரைசலைத் துத்தநாகச் சீவல்கள் வழியாக விட்டால் தங்கம் மறுபடி படியும். சில ஆண்டுகளிலேயே இந்த முறை உலகச் சுரங்கங்களுக்குப் பரவியது. கோலாருக்கும் வந்தது.

சரி, ஒரு டன் கல்லில் எவ்வளவு தங்கம் என்று எப்படித் தெரியும்? நம் பொற்கொல்லர்கள் உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பது ஏற்கெனவே தங்கமாக இருப்பதற்கு. கல்லுக்கு அது உதவாது. அதற்குப் புடம்தான் வேண்டும்.

கல்லை மாவாக அரைத்துக் குவிப்பார்கள். குவியலை நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை எடுத்து மறுபடி கலப்பார்கள். இப்படியே குறைத்துச் சுமார் 30 கிராம் எடுப்பார்கள். அதோடு ஈய ஆக்சைடு, வெங்காரம், சோடா, கொஞ்சம் கோதுமை மாவு சேர்த்து மூசையில் உருக்குவார்கள். மாவிலுள்ள கரி ஈயத்தை விடுவிக்கும். ஈயம் தங்கத்தையும் வெள்ளியையும் வாரிக்கொண்டு அடியில் இறங்கும். அந்த ஈயக் கட்டியை எலும்புச் சாம்பலால் செய்த சின்னக் கிண்ணத்தில் வைத்து உலையில் இடுவார்கள். ஈயம் ஆக்சைடாகிக் கிண்ணத்துக்குள் உறிஞ்சப்படும். மிஞ்சும் சின்ன மணியிலிருந்து வெள்ளியை நைட்ரிக் அமிலம் கரைத்துவிடும். மீதிதான் தங்கம். டன்னுக்கு 4 கிராம் தங்கமுள்ள கல்லென்றால், அந்த 30 கிராமில் கிடைப்பது 0.12 மில்லிகிராம்தான். அதையும் நிறுத்துக் கணக்கெழுதினார்கள்.

நான் பொறியியல் படித்தவன். இந்தத் துல்லியத்தைப் பார்த்து இன்றும் வியக்கிறேன். ஆனால் தங்கம் போன பிறகு மிஞ்சிய மணலை என்ன செய்தார்கள்? கொட்டினார்கள். அதுதான் புகைப்படத்திலுள்ள மேடு. இப்படி மூன்று கோடி டன்னுக்கு மேல் கொட்டிக் கிடக்கிறது. காற்றடிக்கும் நாளில் கொடியில் காயும் துணியெல்லாம் வெளுத்துப்போகும் என்பார் அப்பா. பாட்டி துணிகளை மறுபடி துவைப்பாராம்.

2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. மேடுகள் மட்டும் அங்கேயே நிற்கின்றன.

கிளாஸ்கோவின் கண்டுபிடிப்பும் தாத்தாவின் உழைப்பும் சந்தித்த இடம் அந்த மேடு. மெக்ஆர்தரின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. தாத்தாவின் பெயர் எங்கள் வீட்டுப் புகைப்படத்தின் பின்பக்கத்தில், பென்சிலில் இருக்கிறது. தம்பி தங்கைகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு படம் இருக்கலாம். அதில் பின்னால் தெரிவது என்ன என்று இன்றைக்கே கேளுங்கள்.