பழுப்புக் கடற்பாசிச் சேர்மங்களும் கணைய நலமும்

பழுப்புக் கடற்பாசிகளிலிருந்து பெறப்படும் புளோரோடானின், ஆல்ஜினேட், புக்கோசாந்தின், புக்கோய்டான் ஆகிய சேர்மங்கள், இரண்டாம் வகை நீரிழிவில் தளர்ந்துபோகும் கணையத்திற்குத் துணைசெய்யுமா என்பது ஆய்வில் உள்ள ஒரு பொருளாகும். இந்நோயில் தசையும் கல்லீரலும் இன்சுலினுக்கு உரியவாறு இணங்காததால், பால் லாங்கர்ஹான்ஸ் 1869-இல் விவரித்த கணையத் திட்டுகளிலுள்ள பீட்டா செல்கள் இன்சுலினை மிகையாகச் சுரந்து அக்குறையை ஈடுகட்ட முயல்கின்றன. ஆக்சிஜனேற்றச் சிதைவைத் தடுக்கும் கேட்டலேஸ் போன்ற காப்பு நொதிகள் அவற்றில் இயல்பாகவே குறைவு என்பதால், நாளடைவில் அவை நலிகின்றன. நோய் கண்டறியப்படும் வேளையிலேயே அவற்றின் செயல்திறன் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருப்பதாகப் பிரிட்டனில் நடந்த நெடுங்கால நீரிழிவு ஆய்வு மதிப்பிட்டது.

இச்சேர்மங்களில் பல, கணையத்தைத் தொடாமலேயே அதன் சுமையைக் குறைக்கக்கூடியவை. கொரிய, ஜப்பானியக் கடற்கரைகளில் வளரும் எக்லோனியா காவா என்னும் பாசியிலுள்ள டையெக்கால் என்ற புளோரோடானின், மாவுப்பொருளைச் சிதைக்கும் அமைலேஸ், குளுக்கோசிடேஸ் ஆகிய நொதிகளை மட்டுப்படுத்துவதால், உணவுக்குப் பின் இரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் தணிகிறது. நீரிழிவுக்குத் தரப்படும் அகார்போஸ் மாத்திரை செயல்படும் வழியும் இதுவே. கணையமே சுரந்தனுப்பும் அமைலேசைத் தடுத்துத்தான் கணையத்திற்கு ஓய்வு தரவேண்டியிருக்கிறது என்பது இதிலுள்ள விந்தை. வேதியியலாளர் ஸ்டான்ஃபோர்டு 1881-இல் பிரித்தெடுத்த ஆல்ஜினேட்டோ, இரைப்பையில் கூழாகத் திரண்டு உணவு குடலுக்குள் இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது. பாசிக்குப் பழுப்பு நிறம் தரும் புக்கோசாந்தின், எலிகளின் வயிற்றுக் கொழுப்பில் ஆற்றலை வெப்பமாக்கும் புரதத்தைத் தூண்டுவதாக ஹொக்கைடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் காட்டினர். கொழுப்புக் குறைந்தால் இன்சுலின் தேவையும் குறையும்.

பீட்டா செல்களை நேரடியாகக் காப்பதாகக் கூறப்படுவதற்கான சான்றுகள் பெரும்பாலும் எலிகளிலிருந்தும் செல் வளர்ப்பிலிருந்தும் கிடைத்தவை. அவற்றிலும் பல சோதனைகளில், ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்ற நச்சால் பீட்டா செல்கள் சில நாட்களில் அழிக்கப்படுகின்றன. பல்லாண்டுகளில் மெல்ல நலியும் மனிதக் கணையத்திற்கு அது சரியான மாதிரி ஆகாது. கந்தகம் ஏறிய பெரிய சர்க்கரைத் தொடரான புக்கோய்டான் குடற்சுவரைக் கடந்து மிகச் சிறிதளவே இரத்தத்தில் சேர்வதால், செல் வளர்ப்பில் அது காட்டும் விளைவு உடலுக்குள்ளும் அப்படியே நிகழும் என்று கொள்வதற்கில்லை.

இத்தகைய பழுப்புப் பாசிகளுள் ஒன்றான, மன்னார் வளைகுடாவில் கட்டக்கோரை எனப்படும் சர்காசப் பாசி, ஆல்ஜினேட் ஆலைகளுக்காகச் சேகரிக்கப்படுகிறது. ஆல்ஜினேட்டை நிறமூட்டிக் கெடுக்கும் மாசாக ஆலைகள் கருதும் புளோரோடானின்களையே மருந்தாய்வு தேடுகிறது.

இப்பாசிகளை உண்பதிலும் எச்சரிக்கை தேவை. வளர்ந்தோருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதுமாக இருக்க, உலர்ந்த ‘கொம்பு’ (kombu) பாசியின் ஒரு கிராமிலேயே அதைப் பலமடங்கு விஞ்சும் அளவு இருக்கக்கூடும் என்பதால் தைராய்டு பாதிக்கப்படலாம். ஹிஜிகி பாசியில் கனிம ஆர்சனிக் மிகுதி என்பதால் அதைத் தவிர்க்குமாறு பிரிட்டனின் உணவுத் தர முகமை 2004-இல் அறிவுறுத்தியது. ஹெப்பாரின் போல இரத்தம் உறைவதைத் தடுக்கும் இயல்பு புக்கோய்டானுக்கு இருப்பதால், அதே நோக்கில் தரப்படும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்காமல் அதைச் சேர்த்துக்கொள்ளலாகாது.