தோப்பி முதல் லாகர் வரை: தமிழ்நாட்டில் பீர் வந்த வழி

உப்பிலியபுரத்தில் நின்று மேற்கே பார்த்தால் கொல்லிமலை, கிழக்கே பச்சைமலை. நடுவில் வயல், தென்னை, துறையூர் போகிற ரோடு. பீருக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஊரில் பீர் காய்ச்சியவர் யாரும் கிடையாது. ஆனால் தமிழ்நாட்டில் எந்தக் குடி எங்கே நின்றது, எது ஏன் காணாமல் போனது என்று பார்க்க இந்த இரண்டு மலைக்கு நடுவே நிற்பது ரொம்ப வசதி. எப்படி என்று போகப் போகத் தெரியும்.

முதலில் ஒரு பழைய சமாச்சாரம்.

பீர் வெள்ளைக்காரன் கொண்டு வந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பாட்டில் அவன் கொண்டு வந்தது, சரி. சரக்கு? பெரும்பாணாற்றுப்படை என்று ஒரு சங்க நூல். கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது. அதில் வலைஞர் வீட்டில் மது காய்ச்சும் முறை அப்படியே ரெசிபி மாதிரி வருகிறது. குற்றாத அரிசியைக் கூழாகக் களியாகக் காய்ச்ச வேண்டும். அகன்ற வாய் உள்ள தட்டில் கொட்டி ஆற வைக்க வேண்டும். அதில் அடையைப் போட்டுக் கலக்க வேண்டும். இது நெல்முளையால் ஆன அடை என்று உரைகாரர் சொல்கிறார். பிறகு இரண்டு பகல் இரண்டு இரவு கெட்டியான சாடியில் வைத்து, வெந்நீர் விட்டு விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்க வேண்டும். தொட்டுக்கொள்ள சுட்ட மீன். சைடு டிஷ் வரை பாட்டிலேயே இருக்கிறது :-)

இதில் கவனிக்க வேண்டியது அந்த நெல்முளைதான். தானியத்தில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்டுக்கு மாவுச்சத்தைத் தின்னத் தெரியாது, சர்க்கரைதான் வேண்டும். தானியம் முளைவிடும்போது அதற்குள் உண்டாகிற நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். ஐரோப்பாவில் பார்லியை முளைகட்டி உலர்த்தி 'மால்ட்' என்று வைத்துக்கொண்டார்கள். இங்கே நெல்லை முளைகட்டினார்கள். வேலை ஒன்றுதான். கள் மரத்திலிருந்து இனிப்பாகவே இறங்குகிறது, அது பீர் ஆகாது. திராட்சை ரசமும் பீர் ஆகாது. முளைத் தானியத்தை வைத்துக் காய்ச்சிய இந்தச் சரக்கு, எந்தக் கணக்கில் பார்த்தாலும் பீர்தான். நெல்லால் செய்த கள்ளுக்குத் 'தோப்பி' என்று தனிப் பெயரே இருந்தது. வீட்டிலேயே காய்ச்சினார்கள் என்பதும் அதே நூலில் வருகிறது.

சங்க காலத்து ஆட்களுக்கு ரகம் பிரித்துக் குடிக்கத் தெரிந்திருந்தது என்பதற்கு ஆதாரம் நிறைய. கள், நறவு, தேறல், மட்டு, பிழி, தோப்பி என்று எத்தனை சொற்கள்! மலைவாசிகள் தேனை மூங்கில் குழாயில் ஊற்றி முதிர வைத்தார்கள் என்று திருமுருகாற்றுப்படை சொல்கிறது. யவனர் கப்பலில் வந்த மதுவைப் பாண்டியன் பொற்கிண்ணத்தில் குடித்தது புறநானூற்றில் இருக்கிறது. கிராஃப்ட் பீர் கடையில் நாலு சின்ன கிளாஸ் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக உறிஞ்சிப் பார்ப்பதைப் புதுசு என்று நினைப்பவர்கள் இந்தச் சொல் பட்டியலை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

சரி, இப்போது ஒரே தாவலாக 18ஆம் நூற்றாண்டு.

லண்டனில் பௌ என்ற இடத்தில் ஹாட்சன் குடும்பத்தின் பிரூவரி 1752 முதல் இருந்தது. பிரமாதமான பீர் என்று அதற்குத் தனிப்புகழ் ஒன்றும் கிடையாது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கிற பிளாக்வால் துறைக்குப் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். கப்பல் கேப்டன்களுக்குச் சொந்தமாக வியாபாரம் செய்துகொள்ள அனுமதி உண்டு. அவர்களுக்கு ஹாட்சன் 18 மாதம் வரை கடனில் சரக்கு கொடுத்தார். போய் விற்று வந்து பணம் கொடுத்தால் போதும். காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பக்கத்திலேயே சப்ளை, நீண்ட கிரெடிட் பீரியட். சரக்கு கல்கத்தாவுக்கும் மெட்ராஸுக்கும் வந்து குவிந்தது.

இந்த இடத்தில் ஒரு கட்டுக்கதையை உடைக்க வேண்டியிருக்கிறது. "சாதாரண பீர் கப்பலில் கெட்டுப்போனது, அதனால் ஹாட்சன் ஹாப்ஸை அள்ளிப்போட்டு இந்தியா பேல் ஏல் என்ற புது பீரைக் கண்டுபிடித்தார்" என்று இணையத்தில் பத்து இடத்தில் எழுதியிருக்கும். நடந்தது அப்படி இல்லை. கறுப்பான போர்ட்டரும் அதே கப்பலில், அதே வெயிலில், ஆப்பிரிக்காவைச் சுற்றி, பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டி நல்லபடியாகவே வந்து சேர்ந்தது. இங்கிலாந்திலேயே அக்டோபரில் காய்ச்சி வருஷக்கணக்கில் வைத்துக் குடிக்கிற வெளிர் நிற பீர் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதுதான் கப்பல் ஏறியது. கப்பலின் ஆட்டத்திலும் சூட்டிலும் சீக்கிரமே முதிர்ந்து, வெயில் ஊருக்கு ஏற்றதாக அமைந்துவிட்டது. 'இந்தியா பேல் ஏல்' என்ற பெயரே 1829 வாக்கில்தான் பத்திரிகை விளம்பரத்தில் தலைகாட்டுகிறது.

குடித்தவர்களிலும் இரண்டு ஜாதி. ஆபீசர்களும் சிவிலியன்களும் விலை கூடிய பேல் ஏல். சாதாரண சிப்பாய்க்கு போர்ட்டர். திருச்சி பெரிய ராணுவ ஊர். கண்டோன்மென்ட் என்ற பெயர் இன்னும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஊர்ச் சுருட்டு உலகப்பிரசித்தம், 1887ல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் கொலைகாரனின் சாம்பலே திருச்சினாப்பள்ளி சுருட்டுச் சாம்பல்தான். ஊர்ச் சரக்கு அந்த வழியாக லண்டன் போனது. லண்டன் சரக்கு இந்த வழியாக இங்கே வந்தது.

ஹாட்சன் ஏன் வீழ்ந்தார்? பேராசை. 1820களின் தொடக்கத்தில் கேப்டன்களை ஒதுக்கிவிட்டுத் தாமே கப்பலில் ஏற்றத் தொடங்கினார்கள். விலையை ஏற்றினார்கள், கடனை நிறுத்தினார்கள். கடுப்பான கம்பெனி டைரக்டர் ஒருவர் பர்ட்டன் ஊர் ஆல்சாப்பைக் கூப்பிட்டு, இந்த மாதிரி ஒன்று காய்ச்ச முடியுமா என்று கேட்டார். முதல் சாம்பிளை ஒரு தேநீர்க் கெண்டியில் காய்ச்சிப் பார்த்தார்கள் என்பது அங்கே சொல்லப்படும் கதை. பர்ட்டன் தண்ணீரில் ஜிப்சம் அதிகம். அந்தத் தண்ணீரில் ஹாப்ஸின் கசப்பு பளிச்சென்று, சுத்தமாக வந்தது. தண்ணீர்தான் ஜெயித்தது என்று சொன்னாலும் தப்பில்லை. பிறகு பாஸ் கம்பெனியும் சேர்ந்துகொள்ள, லண்டன் காலி.

அப்புறம் இங்கேயே காய்ச்ச ஆரம்பித்தார்கள். எங்கே என்று பாருங்கள்: இமயமலை அடுக்கில் கசௌலி, நீலகிரியில் ஊட்டி, இலங்கையில் நுவரெலியா. எல்லாம் 1,800 மீட்டருக்கும் மேலே. காரணம் ஈஸ்ட். ஏல் வகைக்குச் சுமார் 15 முதல் 24 டிகிரி வெப்பம் வேண்டும். லாகருக்கு இன்னும் குளிர், 7 முதல் 13. திருச்சி மே மாதத்தில் இரண்டும் நடக்காது. ஐஸ் மெஷின் வருவதற்கு முன் குளிர் வேண்டுமென்றால் மலை ஏற வேண்டும். கொல்லிமலையும் மலைதானே என்றால், அது பாதி உயரம்தான். போதாக்குறைக்கு அந்தக் காலத்தில் மலேரியாவுக்குப் பேர் போன மலை. துரைமார்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

1915ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவில் இருந்த இப்படிப்பட்ட சிறு பிரூவரிகளை ஒன்றாகச் சேர்த்து யுனைடெட் பிரூவரீஸ் ஆக்கினார். சிப்பாய்களுக்குப் பீப்பாய்கள் மாட்டு வண்டியில் போன காலம். விட்டல் மல்லையா பங்குகளை வாங்கி 1947ல் அதன் முதல் இந்திய டைரக்டர் ஆனார். அப்போது இருபதுகளில்தான் இருந்தார். கிங்ஃபிஷர் 1978ல் வந்தது. 2021ல் டச்சுக் கம்பெனி ஹெய்னகனின் பங்கு 60 சதவீதத்தைத் தாண்டியது. ஸ்காட்லாந்தில் ஆரம்பித்து ஹாலந்தில் போய் நிற்கிறது.

நுவரெலியா கதை வேறு மாதிரி. 1849ல் சாமுவேல் பேக்கர் (பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போனாரே, அவரேதான்) அங்கே தொடங்கிய பிரூவரி, சிலோன் பிரூவரியாகி லயன் ஆனது. அவர்களுடைய லயன் ஸ்டவுட் 8.8 சதவீதம். கறுப்பு. முதல் வாயில் டிகாக்ஷன் மாதிரி, பின்னாலேயே கருப்பட்டி மாதிரி. போர்ட்டர் வம்சத்தில் வந்த பீர் இந்தியாவில் ஏறக்குறைய அழிந்தபிறகும் கடல் தாண்டி அங்கே தப்பிப் பிழைத்தது. மைக்கேல் ஜாக்சன் (பாடகர் இல்லை, பீர் விமர்சகர்) எழுதித்தான் உலகத்துக்கு அது தெரிந்தது.

இங்கே ஏன் அழிந்தது? இரண்டு காரணம்.

ஒன்று, லாகர். 1842ல் பில்சென் ஊரில் ஜோசப் குரோல் தெளிவான பொன்னிற பீரைக் காய்ச்சினார். 1870களில் லிண்டேயின் குளிரூட்டும் இயந்திரம் வந்தது. மலை ஏறாமலே எங்கு வேண்டுமானாலும் லாகர் காய்ச்சலாம் என்றானது. ஜில்லென்று, லேசாக, சோடா மாதிரி இறங்குகிற பீர் வெயில் ஊர்களைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

இரண்டாவது காரணம் அரசாங்கம். இங்கேதான் உப்பிலியபுரம் வருகிறது.

1937 அக்டோபர் 1ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டு வந்தார். இன்றைய நாமக்கல் மாவட்டம் அன்று சேலத்துக்குள் இருந்தது, கொல்லிமலையும் சேர்த்து. உப்பிலியபுரம் இருந்தது திருச்சி ஜில்லாவில். ஆக, மலைக்கு அந்தப் பக்கம் கள் குடித்தால் குற்றம், இந்தப் பக்கம் குடித்தால் அரசுக்கு வருமானம்! பனை ஒன்று, பானை ஒன்று, சட்டம் மட்டும் இரண்டு.

கள்ளுக்கடை வருமானம் போனதும் கஜானாவில் ஓட்டை விழுந்தது. அதை அடைக்க 1939ல் ராஜாஜி கொண்டு வந்ததுதான் பொது விற்பனை வரி. இந்தியாவில் பலமுனைப் பொது விற்பனை வரியின் பிறப்பிடம் மெட்ராஸ்தான், காரணம் கள்ளுக்கடை. அந்த வரியின் பேரப்பிள்ளை 2017ல் ஜி.எஸ்.டி.யாக வந்தபோது, குடிக்கிற மதுவை மட்டும் வெளியே விட்டுவிட்டார்கள். டாக்ஸேஷன் பேப்பரில் இந்த ஒரு கதையைச் சொன்னால் மொத்தப் பாடமும் மறக்காது.

1948ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971ல் கலைஞர் தளர்த்தி, 1973-74ல் திரும்பவும் மூடி, 1981ல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1983ல் மொத்த வியாபாரத்துக்கு டாஸ்மாக். 1987 தொடக்கத்தில் கள்ளும் சாராயமும் தடை. 2003 நவம்பரில் சில்லறைக் கடையும் டாஸ்மாக் கைக்கு வந்தது.

இந்த 1987தான் நியாயமே இல்லாத இடம். கள்ளில் ஆல்கஹால் சுமார் 5 சதவீதம், ஒரு சாதாரண பீர் அளவு. டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தியில் 42.8 சதவீதம். லேசானதைத் தடை செய்துவிட்டு எட்டு மடங்கு காட்டமானதை அரசே விற்கிறது. கலப்படம் என்று காரணம் சொன்னார்கள். பக்கத்தில் கேரளாவிலும் புதுச்சேரியிலும் கள்ளுக்கடை நடக்கத்தானே செய்கிறது? பனையேறியின் பிழைப்பு போனது. கூலிக்காரனுக்கு மிச்சம் இருந்தது குவார்ட்டரும் கள்ளச்சாராயமும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் கொன்றது. கள் இருந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மலிவான, லேசான குடி ஒன்று சட்டப்படி கிடைக்காத ஊரில்தான் அது நடந்தது.

பீருக்கு வந்த கதியும் இதன் தங்கைதான். வாங்குபவர் ஒருவரே என்றால் எகனாமிக்ஸில் மோனாப்சனி என்பார்கள். மாநிலம் முழுக்கக் கொள்முதல் செய்வது டாஸ்மாக் ஒன்றே. 2023-24ல் அதன் வழியே அரசுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம். அந்த அளவில் ஓடுகிற இயந்திரத்துக்கு வேண்டியது லட்சக்கணக்கில் ஒரே மாதிரி பாட்டில். நூறு லிட்டர் போர்ட்டர் காய்ச்சுகிறவனுக்கு அங்கே என்ன வேலை? அதோடு, நாட்டின் பல மாநிலங்களில் பீருக்கு வரி பாட்டில் அளவைப் பார்த்துத்தான், ஆல்கஹால் அளவைப் பார்த்தல்ல. கொடுத்த காசுக்கு 'கிக்' எது அதிகம் என்று பார்க்கிறவன் 8 சதவீத ஸ்ட்ராங் பீரைத்தான் எடுப்பான். ருசி கணக்கிலேயே வராது.

பெங்களூரில் 2010 முதல் கடையிலேயே காய்ச்சி அங்கேயே ஊற்றுகிற மைக்ரோ பிரூவரிகள் வந்தன. அங்கே போய் வந்த தமிழ்நாட்டுப் பையன்களுக்குத்தான் பீரில் ரகம் உண்டு என்பதே தெரிந்தது. ஜெர்மன் கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டையும் யாரும் போடவில்லை, ஈஸ்ட் கொடுக்கிற வாசனை. பெல்ஜியம் கோதுமை பீரில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் நிஜமாகவே போடுகிறார்கள், முகர்ந்தால் ரசப்பொடி ஞாபகம் வரும். ஸ்டவுட்டில் வறுத்த காபிக்கொட்டை. பேல் ஏலில் பாகற்காய்க் கசப்பு, கூடவே ஹாப்ஸின் நாரத்தை வாசனை. வரிசைப்படுத்திக் குடிப்பதில் ஒரு முறை உண்டு. லேசானதில் தொடங்கிக் கறுப்பில் முடிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் கசப்பும் கருகல் ருசியும் நாக்கில் உட்கார்ந்துகொண்டு கோதுமை பீரை வெறும் தண்ணீராக்கிவிடும்.

2010லேயே தொடங்கிய டாய்ட் என்ற பெங்களூர்க் கடையில் 'பாஸ்மதி பிளாண்ட்' என்று ஒரு பீர் உண்டு. பார்லி மால்ட்டோடு பாஸ்மதி அரிசி சேர்த்துக் காய்ச்சியது. வெளிர் மஞ்சள், மிக லேசு, முடிவில் மெல்லிய அரிசி வாசனை. புதுமையான முயற்சி என்று பாராட்டித்தான் எல்லோரும் குடிக்கிறார்கள். உருத்திரங்கண்ணனாரின் வலைஞர்கள் அதற்குப் பார்லிகூடச் சேர்க்கவில்லை.