உதிர்வதும் ஒடிவதும்

சங்கரன்கோவில்காரர்களுக்கு இரண்டை ஒன்றாகப் பார்க்கும் பழக்கம் சின்ன வயதிலேயே வந்துவிடும். சங்கரநாராயணர் சன்னதியில் ஒரே திருமேனியில் ஒரு பாதி சடை, மறு பாதி மகுடம். அரியும் அரனும் ஒன்றாகக் காண வேண்டுமென்று கோமதியம்மன் தவம் இருந்ததைத்தான் ஆடித்தபசு என்று ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். தலைமுடி விஷயத்தில் மட்டும் இந்தப் பழக்கம் உதவாது. அங்கே ஒன்றாகத் தெரிவதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பார்லரில் முடியை நேராக்க ஸ்மூத்தனிங்கோ ரீபாண்டிங்கோ செய்துகொண்ட பெண்கள் சில மாதம் கழித்து வந்து சொல்வது ஒரே வாக்கியம்: "முடி கொத்துக் கொத்தா கொட்டுதுக்கா." இந்தக் 'கொட்டுது' என்ற சொல்லுக்குள் இரண்டு வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. வேரோடு கழன்று விழுவது ஒன்று, அது உதிர்வு. வேர் தலையிலேயே இருக்க, தண்டு பாதியில் அறுவது மற்றொன்று, அது ஒடிவு. தறிச் சத்தத்தில் வளர்ந்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாவிலிருந்து இழை உருவிக்கொண்டு வருவது வேறு, நடுவில் அறுவது வேறு. அறுந்த நூலுக்கு முடிச்சுப் போடலாம். முடிக்கு அதுவும் முடியாது.

அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் இந்த வேறுபாட்டை நமக்கு முன்பே அனுபவித்து அறிந்தவர்கள். இறுகச் சுருண்ட முடியை நேராக்க 'ரிலாக்சர்' என்ற ரசாயனக் களிம்பைப் பல தலைமுறைகளாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். சிகாகோவில் ஜார்ஜ் ஜான்சன் இத்தகைய களிம்புகளை விற்கத் தொடங்கிய ஆண்டு 1954. இத்தனை கால அனுபவத்தில் அவர்கள் பேச்சில் 'ஷெட்டிங்' (உதிர்வு) தனி, 'பிரேக்கேஜ்' (ஒடிவு) தனி. நம் பார்லர்களில் இரண்டும் 'ஹேர் ஃபால்' என்ற ஒரே பெயரில் ஓடுகின்றன.

சாட்சி நுனியில்

சீப்பில் சிக்கிய முடி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் குண்டூசித் தலைபோல வெள்ளையாக ஒரு சிறு குமிழ் இருந்தால் அது உதிர்ந்த முடி. நீளமும் சடையின் நீளத்துக்கு ஏறக்குறைய இருக்கும். குமிழ் இல்லாமல், இரண்டு விரல் நீளம், நாலு விரல் நீளம் என்று துண்டு துண்டாகக் கிடந்தால் அது ஒடிந்தது.

ஒடியப்போகும் முடியில் ஆங்காங்கே நுண்ணிய வெள்ளைப் புள்ளிகள் தெரிவதுண்டு. தண்டு நசுங்கி இழை பிரிந்த இடங்கள் அவை. வீட்டில் ஈர் என்று நினைத்துப் பேன் சீப்பைப் போட்டு இழுப்பார்கள். இருக்கிற முடியும் அங்கேயே ஒடியும்.

முன்நெற்றியில் குத்திட்டு நிற்கும் குட்டி முடிகளையும் கவனிக்க வேண்டும். நுனி ஊசிபோல மெலிந்திருந்தால் அது புதிதாக முளைப்பது, மகிழ வேண்டிய செய்தி. நுனி மொட்டையாக இருந்தால் ஒடிந்து நிற்பது.

இந்த வித்தியாசத்தைத் தொழிலாகவே அறிந்தவர்கள் சவுரி கட்டியவர்கள். சீப்பில் வந்த முடியைச் சுருட்டி ஓட்டு இடுக்கில் செருகி வைத்திருந்து, சேர்ந்ததும் சவுரி கட்டக் கொடுத்த பாட்டிமார் இன்றும் இருக்கிறார்கள். சவுரிக்கு நீளம் வேண்டும். வேரோடு வந்த முழு முடிதான் அதற்கு உதவும். ஒடிந்த துண்டு எதற்கும் ஆகாது.

காலக் கணக்கு

உதிர்வு என்பது இயல்பான வேலை. தலையில் ஏறத்தாழ 1,00,000 முடிகள். ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வரை மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளர்ந்து, பிறகு மூன்று மாதம்போல ஓய்வெடுத்து, கழன்று விழும். நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை விழுவது கணக்கில் சேர்ந்ததே. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் தலைக்குக் குளிக்கிற வீடுகளில் மூன்று நான்கு நாள் முடி ஒரே நாளில் வடிகாலில் வந்து அடைக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

அளவு மீறினால்தான் காரணம் தேட வேண்டும். அந்தக் காரணம் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் பின்னால் இருக்கும். கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி போட்டு எடை குறைத்தது போன்ற அதிர்ச்சியில் வளர்ந்துகொண்டிருந்த முடிகள் கூட்டமாக ஓய்வுக்குப் போய்விடும். அவை விழும்போது காய்ச்சலே மறந்துபோயிருக்கும். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. சிரிப்புக்கும் முடிக்கும் தொடர்பில்லை. ஆனால் காலக் கணக்கு மருத்துவம் சொல்வதோடு பொருந்துகிறது. இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் மற்ற காரணங்கள். 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. நம் வீட்டு உதிர்வுக்குக் காரணம் தேடும்போது இந்த எண்ணை மறக்கக் கூடாது.

ஒடிவு அப்படிக் காத்திருப்பதில்லை. ரசாயனமும் சூடும் பட்ட முடி அடுத்த குளியலிலோ அடுத்த சில வாரங்களிலோ தன் கதையைச் சொல்லிவிடும்.

இரண்டு மருந்து, ஒரே காயம்

முடியின் உறுதி கெராட்டின் புரதத்தில் இருக்கிறது. அந்தப் புரதத்தை இழுத்துப் பிடித்து வைத்திருப்பவை கந்தகப் பிணைப்புகள். முடியை நேராக்குவது என்றால் இந்தப் பிணைப்புகளை உடைப்பது.

ரிலாக்சரில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு, அல்லது அதன் பங்காளியான குவானிடின் ஹைட்ராக்சைடு. காரத்தன்மை (pH) 12க்கும் மேல். உடைந்த பிணைப்பு பழைய வடிவத்துக்குத் திரும்பாது. வேறொரு பிணைப்பாக நிரந்தரமாக மாறிவிடும். நம் பார்லர்களில் ரீபாண்டிங்குக்குப் பூசுவது பெரும்பாலும் அம்மோனியம் தயோகிளைகோலேட். காரத்தன்மை 9 அளவில் இருக்கும். பிணைப்பை உடைத்து, சூடான அயர்னால் நீவி, நியூட்ரலைசர் போட்டு மறுபடி கட்டுவார்கள். இரண்டில் ரிலாக்சரே கடுமையானது. அதற்காக ரீபாண்டிங் சாதுவானது என்று கொள்ள முடியாது. உடைத்ததெல்லாம் திரும்ப ஒட்டுவதில்லை. அயர்ன் சூடு வேறு சேர்கிறது. ஒன்று பட்ட முடியின்மேல் மற்றொன்றைப் பூசினால் முடி குழைந்து அறுந்துவிடும்.

தலைமுடியின் அமைப்பிலும் வேறுபாடு உண்டு. இறுகச் சுருண்ட முடியில் ஒவ்வொரு வளைவும் பலவீனமான இடம். தலையின் எண்ணெய்ப் பசை நுனிவரை இறங்காது. நம் முடி பெரும்பாலும் நேர் அல்லது அலை, அது தாங்கும். தாங்கும் என்பதாலேயே நாம் கவனிப்பதில்லை. குளித்த ஈரத்தோடு கொண்டை போடுகிறோம், துண்டால் தட்டி உலர்த்துகிறோம். நேராக்கிய முடியில் பூச்சரம் வழுக்குகிறதென்று அதே இடத்தில் தினமும் ஹேர்பின்னை இறுக்குகிறோம்.

இரு ஊர்ப் பெண்களுக்கும் பொதுவான ஆபத்து ஒன்று உண்டு. வேரில் புது முடி அதன் இயல்பில் வளர்ந்து வரும்; கீழே பழைய, நேராக்கிய முடி. இரண்டும் சந்திக்கும் இடம்தான் மிக எளிதில் ஒடிவது. புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதிக்கு ரூட் டச்-அப் செய்யும்போது களிம்பு பழைய பகுதியிலும் வழிந்தால், ஏற்கெனவே உடைத்த பிணைப்பை மறுபடி உடைத்ததாகும். ஒடிவுக்கு இது ஒரு பெரிய காரணம்.

முடி போகும் பாதையிலும் இந்த இரு நாட்டுக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டு. திருப்பதியில் மொட்டை போட்ட முடி அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் ஒட்டுக் கூந்தலாகப் போய்ச் சேர்வதை 2009இல் வந்த 'குட் ஹேர்' ஆவணப்படம் காட்டியது. நம் முடி அங்கே போகிறது. முடியை நேராக்கும் ஆசை இங்கேயும் வந்து, அவர்கள் பட்ட பாட்டையும் கூடவே கொண்டுவந்திருக்கிறது.

பழி மாறும் இடம்

முகூர்த்த மாதத்துக்கு முன்பு நடப்பதைப் பாருங்கள். கல்யாணப் பெண் எடை குறைக்க இரவுச் சாப்பாட்டை விடுகிறாள். அதே மாதம் ஸ்மூத்தனிங்கும் செய்கிறாள். மறுவீடு போகும் நாட்களில் முடி ஒடியத் தொடங்குகிறது. மூன்றாம் மாதம் உதிரவும் தொடங்குகிறது. இரண்டும் ஒரே சீப்பில் வருகின்றன. பட்டினியால் உதிர்ந்ததற்குப் பார்லர்மீது பழி. களிம்பால் ஒடிந்ததற்குப் புகுந்த வீட்டு உப்புத் தண்ணீர்மீது பழி. உப்புத் தண்ணீர் தண்டின்மேல் படிந்து அதைச் சொரசொரப்பாக்கலாம், வேரைத் தொடாது.

களிம்பு தலைத்தோலில் பட்டு எரிச்சலும் புண்ணும் வந்தால் மட்டும் கதை வேறு. அந்தப் புண் தழும்பானால் வேரே போய்விடும். அது உதிர்வுமல்ல, ஒடிவுமல்ல, இழப்பு. உடனே தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வைத்தியமும் இரண்டு

உதிர்வுக்கு உள்ளே பார்க்க வேண்டும். ரத்தத்தில் ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பு, தைராய்டு மூன்றையும் சோதித்துக்கொள்ளலாம். அரசு மருத்துவமனையிலோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரிய ஆஸ்பத்திரியிலோ காட்டலாம். காரணம் நீங்கினால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். அதுவரை அடுத்த ரசாயனம் வேண்டாம். உதிரும் தலைக்கு ட்ரிம்மிங்கும் ஹேர் ஸ்பாவும் எவ்வளவு செய்தாலும் வேருக்கு எட்டாது.

ஒடிவுக்கு வெளியே பார்க்க வேண்டும். ஒடிந்த நுனியை வெட்டிவிடுவது முதல் வேலை. பிளந்த முடியை ஒட்டவைக்கும் மருந்து கிடையாது. பழைய பகுதியில் மறுபடி களிம்பு படக் கூடாது. அயர்ன் வேண்டாம். அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுக்க வேண்டும். இங்கேயும் ஒரு வேறுபாடு: சுருள்முடிக்காரர்கள் ஈரத்தில் சீவுவது நல்லது, நேர்முடி ஈரத்தில் எளிதில் இழுபட்டு அறும், அதனால் சற்றுக் காய்ந்தபின் சீவ வேண்டும். ஒடிகிற முடிக்கு இரும்பு மாத்திரையைக் கைப்பிடியாக விழுங்கினாலும் பயனில்லை. தண்டு உயிரில்லாத பொருள்.

தேங்காயெண்ணெய் எந்தப் பக்கம் சேரும்? நாம் அதை உச்சியில் வைத்துத் தேய்ப்பது வேருக்கென்று நினைத்து. 2003இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்று, தேங்காயெண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைப்பதைக் காட்டியது. சூரியகாந்தி எண்ணெய்க்கும் மினரல் எண்ணெய்க்கும் அந்த வேலை தெரியவில்லை. ஆகவே அது ஒடிவுக்கு நல்லது, உதிர்வுக்கு மருந்தல்ல. குளிக்கும் முன் உச்சியோடு நிற்காமல் நுனிவரை தடவுங்கள்.

இரண்டில் எது மோசம் என்று கேட்பார்கள். உதிர்ந்த இடத்தில் வேர் இருக்கும்வரை முடி மறுபடி வரும். ஒடிந்த நீளம் திரும்ப வளர மாதத்துக்கு ஒரு செ.மீ. வீதம் காத்திருக்க வேண்டும். ஆனால் ஒடிவு உங்கள் கையில் இருக்கிறது, இன்றே நிறுத்தலாம். உதிர்வு உடம்பு அனுப்பும் கடிதம். பிரித்துப் படிக்காமல் பார்லர் வாசலில் போய் நிற்பதுதான் மோசம்.

நாளைக் காலை சீப்பில் வரும் முடியைச் சுருட்டி எறியும் முன் பத்து முடியை மட்டும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் நுனியைப் பாருங்கள். கொட்டுவதும் வழக்கத்தை மீறி, குமிழும் அதிகமென்றால் ஆஸ்பத்திரிக்கு, துண்டு அதிகமென்றால் கத்தரிக்கு.