மரத்துள் மூண்ட வெப்பம்

காற்றுப் புகாத கலத்தில் மரத்தைச் சுட்டு, எழும் வாயுவால் விளக்கேற்றும் முறைக்கு 1799இல் பிரான்சு தேசத்துப் பிலிப் லெபோன் காப்புரிமை பெற்றார். அங்கே வெப்பம் புறத்திருந்து அகம் புகுந்தது.

1940இல் பேர்மிங்ஹாமில் றண்டல், பூட் என்னும் இருவர், பகை விமானங்களைக் கண்டறியும் றேடாருக்கென ஆற்றல் மிக்க நுண்ணலைக் குழாயை ஆக்கினர். 1945இல் அத்தகைய குழாயின் அருகே நின்ற அமெரிக்கர் பேர்சி ஸ்பென்சரின் சட்டைப்பையில் இனிப்பு உருகிற்று என்பர். போர்க்கருவி அடுப்பாயிற்று.

பின்வந்தோர் அவ்வலையை மரத்தூளிற் செலுத்தினர். உலர்ந்த மரம் அலையை ஏற்பது அரிது. கரியோ நன்கு ஏற்கும். ஆகவே கரித்தூளைக் கலந்தனர். உள்ளிருந்தே வெப்பம் மூண்டது. மரம் எண்ணெயாகவும் வாயுவாகவும் கரியாகவும் பிரிந்தது.

ஆயினும், செலவிட்ட மின்சாரத்தினும் மிகுந்த ஆற்றலை அவ்வெரிபொருள் தருதல் வேண்டும். அக்கணக்கு நேராகாவிடின், விந்தை எஞ்சும், விறகு வீணாகும்.