கதிரையில் அமர்ந்த முதியவர்: ஒரு பென்சிற் சித்திரம் பற்றிய நோக்கு

வரலாற்று மூலங்கள் எனும்போது கல்வெட்டும் கடிதமும் அரசாங்க அறிக்கையும் நினைவுக்கு வருவது போலப் பென்சிற் சித்திரம் நினைவுக்கு வருவதில்லை. வண்ண ஓவியத்துக்கு முற்பட்ட பயிற்சி வேலையென அதனை ஒதுக்கிவிடுவதே பெருவழக்கு. 1882ஆம் ஆண்டு நவம்பரில் ஹேக் நகரில் வின்சன்ற் வான் கோ தீட்டிய ஓர் உருவச் சித்திரம் இவ்வழக்கின் போதாமையைக் காட்டுகின்றது.

சாதாரண மரக்கதிரையொன்றில் முதியவர் ஒருவர் அமர்ந்திருக்கின்றார். முழங்கைகள் தொடைமீது ஊன்றியுள்ளன. இறுக மூடிய இரு கைகளுள் முகம் புதைந்துள்ளது. காண்போருக்குத் தெரிவது வழுக்கைத் தலையும், உழைத்துப் பழகிய உடையும், பாரமான காலணிகளுமே. அவர் அழுகின்றாரா, களைத்தாரா, செபிக்கின்றாரா என்பதை முகத்தைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. முகமே மறைக்கப்பட்டுள்ளது.

இவ்விடத்துத்தான் பார்வையாளன் அவசரப்படுகின்றான். 1890 மே மாதத்தில், சென் ரெமியிலிருந்த மனநோய் விடுதியில் வாழ்ந்த காலத்தில், வான் கோ இவ்வுருவத்தை வண்ணத்திலே மீண்டும் வரைந்தார். அதே ஆண்டு யூலை 29ஆந் திகதி அவர் மரணமானார். அம்மரணத்தின் நிழலை எட்டு ஆண்டுகள் பின்னோக்கி நீட்டி, பென்சிற் சித்திரத்தையும் கலைஞரின் சொந்தத் துயரின் வாக்குமூலமாகக் கொள்வோர் பலர். காலவரிசையைத் தலைகீழாக்கும் இவ்வாசிப்பை ஏற்பதற்கில்லை. 1882இல் அவருக்கு வயது 29. அவர் அப்போது உருவம் வரையக் கற்றுக்கொண்டிருந்த ஓர் உழைப்பாளி.

சித்திரத்தில் இருப்பவர் வேறொருவர். ஹேக் நகரின் சீர்திருத்தத் திருச்சபை முதியோர் இல்லத்தில் வாழ்ந்தவர். எழுபது வயதைக் கடந்தவர். கடிதங்களிலே வான் கோ அத்தகையோரை ‘அநாதை மனிதர்’ என்றே குறிப்பிட்டார். பின்னாளைய ஆய்வாளரே அவரை அட்ரியானுஸ் ஸொய்டர்லாந்த் என இனங்கண்டனர். தம்பி தியோ அனுப்பிய பணத்திலிருந்து கூலி பெற்று, சொன்னவாறு அமர்ந்தவர் அவர். அந்த இருக்கைநிலையும் புதியதன்று: 1881இல் எற்றன் கிராமத்திலே வேறொரு முதியவரை இதேபோல் இருத்தி வான் கோ ஏற்கனவே வரைந்திருந்தார். எனவே இது தற்செயலாகக் கண்ட ஒரு கணத்தின் பதிவன்று, திட்டமிட்டு அமைக்கப்பட்டதொன்று.

அமைத்தவரின் மனத்தில் ஆங்கிலச் செதுக்குப்படங்களும் இருந்தன. 1869இல் இலண்டனில் தொடங்கிய ‘கிராபிக்’ வார இதழின் படங்களை அவர் ஆர்வத்தோடு சேகரித்தார். செல்சி விடுதியின் முதிய போர்வீரரை ஹியூபேர்ட் ஹேர்க்கோமர் காட்டிய படம் அவரை மிகவுங் கவர்ந்தது. தம் சித்திரத்துக்கு ஒல்லாந்து மொழியை விடுத்து ஆங்கிலத்திலேயே ‘வோர்ன் அவுட்’, அதாவது உழைத்துத் தேய்ந்தவர், என அவர் தலைப்பிட்டமை இதனால் விளங்கும். தோமஸ் பேட் 1868இல் வரைந்த ஓவியமொன்றும் இதே பெயரைக் கொண்டது.

அம்மாதத்திலேயே இவ்வுருவம் கல்லச்சிலும் ஏறியது. பெயரோ ‘நித்தியத்தின் வாயிலில்’ என மாறிற்று. சித்திரத்தைப் பற்றித் தம்பிக்கு எழுதுகையில் ஒட்டுப்போட்ட உடையையும் வழுக்கைத் தலையையும் வியந்தவர், சில நாட்களுள் அடுப்பருகே மௌனமாயிருக்கும் ஏழை முதியவரிடத்துக் கடவுளும் நித்தியமும் உண்டென்பதற்கான சான்றைக் காண்கின்றார். பெல்ஜியத்தின் பொறினாஜ் சுரங்கப் பகுதியில் சமய ஊழியஞ் செய்து, 1879இல் அப்பதவி நீடிக்கப்படாது விடப்பட்டவர் இவர் என்பதும் நோக்கற்பாலது. திருச்சபையில் அவர் இழந்த பேச்சு இங்கே வேறு வழியில் தொடர்கின்றதெனக் கருத இடமுண்டு. ஆனால் அப்பேச்சு வான் கோவினுடையது. ஸொய்டர்லாந்த் எதையும் எழுதி வைத்தாரல்லர்.

முதியவருடைய பங்கு பென்சிற் கோடுகளிலேயே எஞ்சியுள்ளது. தச்சர் பயன்படுத்தும் தடித்த பென்சிலைக் கரடான தாளில் அழுத்தி வரைந்து, மேலே பாலுந் தண்ணீருங் கலந்து தெளித்துக் கரியின் பளபளப்பை அடக்குவது அக்காலத்தில் வான் கோ கையாண்ட முறை. அக்கருமையே வளைந்த முதுகுக்கும் கசங்கிய துணிக்கும் பாரத்தைக் கொடுக்கின்றது. தலைப்பு எதுவாயினும் அந்தப் பாரம் மாறவில்லை.

அதே மனிதரை வான் கோ குடையோடும், உயர்ந்த தொப்பியோடும், உணவுக்குமுன் செபிப்பவராகவும் வரைந்துள்ளார். அப்படங்களில் அவருடைய முகம் தெரிகின்றது. அங்கே அவர் அழவில்லை.