வெறுக்கப்பட்டவளும் பிழைத்தாள்

சிறுநீரகம் செயலிழந்தால் குருதியில் நஞ்சு தேங்கி உயிர் போகும். ஜேர்மனியரின் பிடியில் ஒல்லாந்து தவித்த 1943ஆம் ஆண்டிலே, காம்பன் நகர வைத்தியசாலையில் வில்லெம் கொல்ஃப் என்னும் வைத்தியர் இதற்கொரு மாற்றுக் கண்டார். இறைச்சி அடைக்கும் செலோபேன் குழாயை மர உருளையிற் சுற்றி, உப்புநீர்த் தொட்டியிற் சுழலவிட்டார். குழாயில் ஓடிய குருதியின் நஞ்சு நீரிற் கசிந்தது. குருதியணுக்கள் உள்ளேயே தங்கின.

எனினும், முதல் 16 நோயாளருள் எவரையும் அக்கருவியே காத்தது எனத் துணிந்து கூற இயலவில்லை. 1945ஆம் ஆண்டில் 67 வயது மாது ஒருத்தி நினைவிழந்த நிலையிற் கொண்டுவரப்பட்டாள். நாஜிகளுக்குத் துணைபோனவள் என்று சிறையிடப்பட்டவள். ஊராரின் வெறுப்புக்கு ஆளானவள். கொல்ஃப் அவளது நோயை மட்டுமே நோக்கினார். கண்விழித்த அவள் மேலும் ஏழாண்டுகள் வாழ்ந்தாள்.

செயற்கைச் சிறுநீரகம் காத்த முதல் உயிர் அவளுடையதே.