உங்கள் நாய் குட்டி போட வேண்டுமா? முடிவெடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு!

"ஃபீமேல் லேப், ஒன்றரை வயசு. க்ராஸிங்குக்கு நல்ல மேல் இருந்தா சொல்லுங்க ஃப்ரெண்ட்ஸ்!"

இப்படி ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒருவேளை நீங்களே போட்டிருக்கலாம். நம்ம செல்லத்தோட குட்டியைக் கையில வெச்சுக் கொஞ்சணும்னு யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால், குட்டியைக் கொஞ்சப்போவது சில வாரங்கள். அந்தக் குட்டி வாழப்போவது பத்து, பன்னிரண்டு வருடங்கள். அந்த வருடங்களுக்கும் முதல் பொறுப்பு உங்களுடையதுதான். அதனால், ஆண் நாயைத் தேடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

'ஒரு தடவையாவது குட்டி போடணும்'... உண்மையா?

இல்லை. பெண் நாயின் உடல்நலத்துக்கு ஒரு ஈற்றாவது அவசியம் என்பது காலங்காலமாகச் சுற்றிவரும் நம்பிக்கை மட்டுமே. குட்டி போடாததால் நாய்க்கு எந்த நோயும் வராது, ஏக்கமும் வராது. குட்டி போட்டாலும் பின்னாளில் மார்பகக் கட்டியோ, கருப்பையில் சீழ் பிடிக்கும் பயோமெட்ராவோ வராது என்று உத்தரவாதம் கிடையாது. இந்த இரண்டு ஆபத்துகளையும் பெருமளவு குறைப்பது கருத்தடை அறுவை சிகிச்சைதான்.

'குட்டி போட்டா சாதுவாயிடும்', 'ஆண் நாய்க்கு ஒரு தடவை க்ராஸ் பண்ணிட்டா அடங்கிடும்' என்பதும் தவறு. குணம் மாறப் பயிற்சிதான் வேண்டும்.

முதலில் ஒரு பேப்பரை எடுங்கள்

லேப்ரடார் ஒரே ஈற்றில் ஆறு முதல் எட்டு குட்டிகள் போடுவது சர்வசாதாரணம். பேப்பரில் 1 முதல் 8 வரை எண் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ஒரு பெயர் எழுதுங்கள். 'எனக்கு ஒண்ணு கண்டிப்பா வேணும் மச்சி' என்று சொன்னவர்களை எல்லாம் எழுதலாம். எழுதிய கையோடு ஒவ்வொருவருக்கும் போன் போடுங்கள். சொந்த வீடா, வாடகை வீடா? ஹவுஸ் ஓனர் சம்மதித்துவிட்டாரா? வீட்டில் பெரியவர்கள் ஓகே சொன்னார்களா? பகலில் யார் பார்த்துக்கொள்வார்கள்? கடைசியாக, பெண் குட்டி என்றாலும் எடுத்துக்கொள்வாயா?

கடைசிக் கேள்வியில்தான் பாதிப் பெயர்கள் அடிபடும். 'ஆண் குட்டின்னா சொல்லு' என்பது நம் ஊரில் பழகிப்போன பதில். ஹீட் வரும், ரத்தக் கறை படும், தெருநாய்கள் வாசலில் கூடும், குட்டி போடும் என்று பயந்து பெண் குட்டியை ஒதுக்குகிறார்கள். யாரும் எடுக்காத பெண் குட்டிகள்தான் கடைசியில் மார்க்கெட் ஓரத்திலும் மைதானத்திலும் விடப்படுகின்றன. போட்ட குட்டிகளில் பாதி பெண்ணாக இருந்தால் என்ன செய்வீர்கள்? இதற்குப் பதில் இல்லையென்றால், முடிவு தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

எந்த நாய்க்கு வேண்டாம்?

அழகாக இருக்கிறது, பாசமாக இருக்கிறது என்பது மட்டும் ப்ரீட் செய்யக் காரணம் ஆகாது. இவற்றில் ஒன்று இருந்தாலும் தவிர்த்துவிடுங்கள்.

• காரணமில்லாமல் கடிக்கப் பாய்வது, அளவுக்கு மீறிப் பயப்படுவது. குணமும் ஓரளவு பரம்பரையாக வரும்.
• வலிப்பு, தீராத தோல் அலர்ஜி, இதயக் கோளாறு.
• லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய நாய்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு. வெளியே தெரியாமலும் இருக்கும் என்பதால், இரண்டு வயதுக்குப் பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து முடிவு செய்வது நல்லது.
• பக், ஃப்ரெஞ்ச் புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களில், நடந்தாலே குறட்டை போல் இரைப்பவை. இந்த இனங்களில் பிரசவம் சிசேரியனில் முடிவதும் அதிகம்.

'நம்ம நாட்டு நாய் ஸ்ட்ராங், டெஸ்ட் எதுக்கு?' என்று கேட்கலாம். வெள்ளை வெளேரென்று இருக்கும் ராஜபாளையம் நாயையே எடுத்துக்கொள்வோம். 2005-ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலையில் இடம்பிடித்த பெருமை அதற்கு உண்டு. ஆனால், அந்த வெள்ளை நிறத்தோடு பிறவிக் காது கேளாமையும் சேர்ந்து வருவது உண்டு. காது கேட்காத நாயைத் தொடர்ந்து ப்ரீட் செய்தால் குறையும் தொடரும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என நம் இனங்களைக் காப்பாற்ற நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அண்ணன் தங்கை, அப்பா மகள் என நெருங்கிய ரத்த உறவில் ஜோடி சேர்க்கச் சேர்க்க, மறைந்திருக்கும் குறைகள் வெளியே வரும். சர்டிஃபிகேட்டில் இருக்கும் பெற்றோர், தாத்தா பாட்டி பெயர்களைப் பார்ப்பது இதற்காகத்தான். அந்தக் காகிதம் வம்சத்துக்குத்தான் சான்று, ஆரோக்கியத்துக்கு அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

குட்டிகளை விற்க நினைத்தால், மத்திய அரசின் 2017-ம் ஆண்டு நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். விற்பனைக்காக நாய்களை ப்ரீட் செய்பவர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பெண் நாய்க்குக் குறைந்தது 18 மாதங்கள் ஆகியிருக்க வேண்டும், எட்டு வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. வருடத்துக்கு ஒரு ஈற்று, ஆயுளுக்கு ஐந்து ஈற்று என்பதே உச்ச வரம்பு. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. 'முதல் ஹீட்லயே விட்டுடலாம்' என்று யாராவது சொன்னால், இந்த 18 மாதக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜோடி சேர்க்கும் முன்

ஹீட் வந்த பிறகு ஓடாதீர்கள். ஒன்றிரண்டு மாதங்களுக்கு முன்பே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். சென்னையில் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு.

• இரு நாய்களுக்கும் தடுப்பூசியும் குடற்புழு நீக்கமும் முடிந்திருக்க வேண்டும்.
• புரூசெல்லா ரத்தப் பரிசோதனை முக்கியம். கருச்சிதைவையும் மலட்டுத்தன்மையையும் உண்டாக்கும் இந்தக் கிருமி மனிதர்களுக்கும் தொற்றும்.
• பிறப்புறுப்பில் கட்டி, ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இணை சேரும்போது பரவும் ஒருவகைப் புற்றுக்கட்டி நம் ஊர் நாய்களிடம் பரவலாக உண்டு.
• உண்ணிக் காய்ச்சல் இல்லை என்பதையும் உறுதி செய்யுங்கள்.

ஹீட் சுமார் மூன்று வாரம் நீடிக்கும். 'ரத்தம் வந்த பத்தாவது நாள்' என்ற கணக்கு எல்லா நாய்க்கும் பொருந்தாது. ப்ரொஜெஸ்டிரோன் ரத்தப் பரிசோதனை சரியான நாளைக் காட்டிக்கொடுக்கும். இணை சேரும்போது இரண்டும் ஐந்து நிமிடம் முதல் அரை மணி நேரம் வரை பிணைந்து நிற்பது இயல்பு. தண்ணீர் ஊற்றியோ இழுத்தோ பிரித்தால் காயமாகிவிடும். ஆண் நாய்க்காரருக்குப் பணமா, ஒரு குட்டியா, கரு தங்காவிட்டால் என்ன என்பதை முன்கூட்டியே எழுதிக்கொண்டால் பின்னால் சண்டை வராது.

சினை: சுமார் 63 நாள்கள்

25 முதல் 30 நாளில் ஸ்கேன் செய்தால் சினையா என்று தெரியும். 55-வது நாளுக்குப் பிறகு எக்ஸ்ரே எடுத்தால் எத்தனை குட்டிகள் என்று எண்ணிவிடலாம். பிரசவத்தின்போது உள்ளே ஒன்று தங்கிவிட்டதா என்று கண்டுபிடிக்க இந்த எண்ணிக்கைதான் உதவும்.

முதல் ஐந்து வாரம் வழக்கமான சாப்பாடு போதும். கடைசி மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, சிறு சிறு வேளையாகக் கொடுங்கள். பாசத்தில் கால்சியம் டானிக்கை ஊற்றாதீர்கள். சினைக்காலத்தில் தேவையில்லாமல் கொடுக்கும் கால்சியம், பால் கொடுக்கும்போது உடல் தானாகக் கால்சியத்தை எடுக்கும் வேலையைக் கெடுத்துவிடும்.

அந்த ராத்திரி

நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். அது 99-க்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் குட்டி வரும். மருத்துவர் நம்பர், நள்ளிரவில் வரும் வண்டி, சிசேரியனுக்கான பணம் மூன்றும் அப்போதே தயாராக இருக்க வேண்டும்.

இவற்றில் ஏதாவது ஒன்று நடந்தால், யூடியூப் பார்க்காமல் கிளம்புங்கள்:

• பலமாக முக்கி அரை மணி நேரமாகியும் குட்டி வரவில்லை.
• இன்னும் குட்டிகள் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி.
• முதல் குட்டி வரும் முன்பே பச்சை நிறத்தில் கசிவு.
• பிறகு வரும் வாரங்களில் தாய்க்கு நடுக்கம், கால் விறைப்பு, விடாத மூச்சிரைப்பு. ரத்தத்தில் கால்சியம் குறைந்ததன் அறிகுறி இது. பொமரேனியன் போன்ற சிறிய நாய்களிடம் அதிகம். தாமதித்தால் வலிப்பு வந்து உயிரே போகலாம்.

முதல் எட்டு வாரங்கள்

பிறந்த குட்டிகள் ஒரு நாளுக்குள் சீம்பால் குடித்துவிட வேண்டும். முதல் இரண்டு வாரம் அவற்றால் சொந்தமாக உடல் சூட்டைக் காக்க முடியாது. ஏசி, ஃபேன் காற்று நேரடியாகப் படாத கதகதப்பான இடம் வேண்டும். கிச்சன் தராசில் தினமும் எடை பாருங்கள். எடை ஏறவில்லையென்றால் அன்றே டாக்டர். தாயிடம் பால் இல்லையென்றால் பசும்பால் போதாது. குட்டிகளுக்கான பால்பவுடரை இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும் கொடுக்க வேண்டும். ஆபீஸ் லீவு கிடைக்குமா என்று இப்போதே யோசியுங்கள்.

இரண்டாவது வாரத்தில் கண் திறக்கும், குடற்புழு மருந்தும் தொடங்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. பார்க்க வருகிறவர்கள் செருப்பை வெளியே விட்டு, கை கழுவிவிட்டுத் தொடட்டும். பார்வோ வைரஸ் செருப்பிலேயே வீட்டுக்குள் வந்துவிடும்.

இங்கே 30, 40 நாளிலேயே குட்டியைத் தூக்கிக் கொடுத்துவிடும் பழக்கம் இருக்கிறது. வேண்டாம். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம், எப்போது விளையாட்டை நிறுத்தலாம் என்று குட்டி கற்றுக்கொள்வது தாயிடமும் உடன்பிறப்புகளிடமும்தான். கொடுக்கும்போது தடுப்பூசி அட்டையோடு ஒரு வாக்குறுதியையும் கொடுங்கள்: 'எப்ப வேணும்னாலும், எந்த வயசுல வேணும்னாலும் உங்களால வளர்க்க முடியலைன்னா எங்ககிட்டயே திருப்பிக் கொடுங்க. ரோட்டுல விடாதீங்க.' இதைச் சொல்லத் தயாரா என்பதுதான் உண்மையான தகுதித் தேர்வு.

வேண்டாம் என்று முடிவெடுத்தால்?

அதுவும் பொறுப்பான முடிவுதான். கருத்தடையை எந்த வயதில் செய்வது என்பது இனத்தையும் எடையையும் பொறுத்தது. மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை ஹீட் நாள்களில் மொட்டைமாடியில்கூடத் தனியாக விடாதீர்கள். தவறுதலாக இணை சேர்ந்துவிட்டால், மனிதர்களுக்கான மாத்திரையைக் கொடுக்காமல், மறுநாளே டாக்டரிடம் போங்கள். பாதுகாப்பான வழி அவருக்குத் தெரியும்.

குட்டி ஆசை அப்போதும் விடவில்லையா? உங்கள் தெருவில் யாரோ விட்டுப்போன ஒரு பெண் குட்டி இருக்கலாம். உங்கள் நாய்க்குத் தங்கச்சியாக அது வரட்டும்.

இப்போது அந்தப் பேப்பரை மறுபடி எடுங்கள். எட்டு எண்களுக்கும் எதிரே எட்டு உறுதியான பெயர்கள் இருந்தால், மருத்துவரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். மூன்றுதான் இருக்கிறது என்றால், அந்த ஸ்டேட்டஸை டெலிட் செய்துவிடலாம். உங்கள் செல்லம் ஒன்றும் கோவிச்சுக்காது!